திருத்தக் கொடுத்த ரேடியோ யாருடையது?



கிழக்கு மாகாணத்திலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கங்களில் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் போட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விட்டு விடுகிறேன். அவருடைய கணவர் வீட்டின் முன்னறையில் மேசை போட்டு, இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக ரேடியோ, அம்பிளிஃபயர், ஸ்பீக்கர் திருத்தி வருபவர். ஊரில் "ரேடியோ பாஸ்" என்றால் சின்னப் பிள்ளையும் வீட்டைக் காட்டுமாம். அந்தத் தொழிலில்தான் மூன்று பிள்ளைகளையும் படிக்க வைத்திருக்கிறார்கள்.

சென்ற மாதம் ஒரு வலீமா வீட்டில் பெண்கள் கூடியிருந்தபோது, உறவுக்காரர் ஒருவர், "பாட்டுப் பெட்டி திருத்துகிற காசுதானே, அது எப்படி ஹலாலாகும்?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லி விட்டாராம். அன்றிலிருந்து அடுப்பில் சோறு வைக்கும்போதே கை கூசுகிறது என்று எழுதுகிறார் சகோதரி. இது முதலாவது.

இரண்டாவது, அதைவிடப் பாரமானது. திருத்தக் கொடுத்துவிட்டு வராமலே போனவர்களின் செட்டுகள் முப்பதுக்கு மேல் அலுமாரியிலும் கட்டிலுக்குக் கீழேயும் கிடக்கின்றன. சில ஐந்து வருடங்களுக்கும் மேல். கணவரிடம் தொழில் பழகும் அவருடைய ராத்தாவின் மகன் சிலவற்றிலிருந்து சாமான் கழற்றி வேறு செட்டுகளுக்குப் போட்டும் இருக்கிறார். மூத்த மகளின் நிக்காஹ் நெருங்குகிறது, கையில் காசில்லை. பழைய சாமான் வியாபாரி ஒருவர் அத்தனையையும் மொத்த விலைக்குக் கேட்கிறார். கொடுக்கலாமா?

மூன்றாவது, கணவர் வெளியே போன நேரத்தில் வருகிற ஆண்களிடம் செட்டை வாங்கி வைப்பது பற்றிய ஒரு சிறு கேள்வி.

முதலாவதை முதலில் பார்ப்போம். கையால் உழைத்துச் சாப்பிடுவதைவிடச் சிறந்த உணவை எவரும் உண்டதில்லை என்றும், தாவூத் (அலை) அவர்கள் தம் கை உழைப்பிலிருந்தே உண்டார்கள் என்றும் நபி (ஸல்) அவர்கள் சொன்னது புகாரியில் இருக்கிறது. ஸகரிய்யா (அலை) அவர்கள் தச்சு வேலை செய்தவர்கள் என்பது முஸ்லிமில் வருகிறது. நபிமார்களே இரும்பையும் மரத்தையும் தொட்டு உழைத்திருக்கும்போது, கைத்தொழில் செய்பவரை "பாஸ்" என்று இளக்காரமாகப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. கந்தோர் உத்தியோக மாப்பிள்ளைக்கு ஓடுகிறோம். அவர் வட்டிக் கணக்கு எழுதுகிறாரா என்று கேட்பதில்லை.

ரேடியோ ஒரு கருவி. கத்தி எப்படியோ அப்படி. அதில் கிராஅத்தும் வரும், செய்தியும் வரும், காலநிலை அறிவிப்பும் வரும், கேட்கக் கூடாததும் வரும். இசை பற்றிய சட்டத்தை இங்கே விரிக்கப் போவதில்லை. உலமாக்களிடையே அதைப் பற்றியுள்ள பேச்சு நீங்கள் அறிந்ததே. கேள்வி கருவியைத் திருத்துகிறவரைப் பற்றியது. நம் ஷாபிஈ மத்ஹபின் இமாம்கள் திராட்சை விற்பதை உதாரணமாகக் காட்டுவார்கள். வாங்குகிறவன் அதை மதுவாக்கத்தான் வாங்குகிறான் என்று தெரிந்தால் விற்பது ஹராம்; வெறும் சந்தேகம் மட்டும் இருந்தால் மக்ரூஹ்; ஒன்றும் தெரியாதபோது திராட்சை திராட்சைதான். ஹலாலுக்கும் ஹராமுக்கும் பயன்படக்கூடிய ஒரு சாமானைத் திருத்துகிறவர், கொண்டுவருகிற ஒவ்வொருவரின் வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்க்கக் கடமைப்பட்டவரல்ல. "நாளைக்கு ஆட்டம் பாட்டம் இருக்கிறது, இந்த அம்பிளிஃபயரை இன்றிரவே செய்து தாருங்கள்" என்று ஒருவர் வெளிப்படையாகச் சொன்னால் அந்த வேலையை விட்டுவிடட்டும். மற்றபடி அந்தச் சம்பாத்தியம் ஹலால். தயங்காமல் சமையுங்கள்.

அந்த உறவுக்காரரும் ஒன்றை யோசிக்கலாம். அவர் ஊர்ப் பள்ளிவாசலின் ஒலிபெருக்கி இரைகிறபோது நிர்வாகத்தினர் யாரைத் தேடி ஓடுகிறார்கள்? நோன்பு காலத்தில் ஸஹருக்கும் இஃப்தாருக்கும் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் முஸ்லிம் சேவையை வைத்துக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாமெல்லோரும்? ரமழான் பிறக்க முன்பு செட்டைத் தூசு தட்டி ரேடியோ பாஸிடம் கொடுத்து எடுத்த வீடுகள் எத்தனை! 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தபோது, கைத்தொலைபேசி செத்துப்போன இரவுகளில், பட்டரி போட்ட பழைய ரேடியோவுக்குத் திரும்பவும் மரியாதை வந்ததையும் மறக்க வேண்டாம்.

நம் நாட்டில் வானொலி தொடங்கியதே ஒரு தொழில்நுட்பக்காரரின் மேசையில்தான். தந்தித் திணைக்களத்துப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பரும் அவருடைய ஆட்களும், கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிச் சாமான்களைக் கொண்டு ஒலிபரப்புக் கருவியை அமைத்தார்கள். 1925 டிசம்பர் 16இல் கொழும்பு வானொலி முறையாக ஆரம்பமானது. பழைய சாமானிலிருந்து புதியதை எழுப்புவது அன்றிலிருந்தே இந்தத் தொழிலின் குணம்!

தொழில் ஹலால் என்று சொல்லி முடித்துவிட்டால் பாதிதான் சொன்னதாகும். ஹலாலான தொழிலுக்குள்ளே ஹராம் நுழைகிற வாசல்கள் இருக்கின்றன. ரேடியோ திருத்துவதில் அது கொஞ்சம் அகலமான வாசல். ஏனென்றால், மூடியைக் கழற்றினால் உள்ளே இருப்பது என்னவென்று கொண்டுவந்தவருக்குத் தெரியாது. தையல்காரர் ஏமாற்றினால் உடுத்துப் பார்க்கும்போது பிடிபடும். இங்கே அப்படியல்ல.

செட் பேசவில்லை என்று கொண்டுவருகிறார்கள். திறந்து பார்த்தால் பட்டரி ஒழுகி, செப்புத் தகட்டில் பச்சை பூத்திருக்கிறது. அரத்தாளால் தேய்த்தால் பேசும். வொலியூமைத் திருப்பும்போது கரகரவென்றால் உள்ளே காபன் தடத்தில் தூசு, துடைத்தால் போதும். ஈயம் ஒட்டிய இடம் ஒன்று விட்டிருந்தால் இரண்டு நிமிட வேலை. ஆனால், "ஐ.சி. போய்விட்டது, மாற்றினேன், இரண்டாயிரம்" என்று சொன்னால் யார் மறுக்கப் போகிறார்கள்? இது பச்சைப் பொய். அந்த இரண்டாயிரத்தில் வாங்கும் அரிசியைப் பற்றித்தான், சகோதரி, உங்கள் கை கூச வேண்டும். பாட்டுப் பெட்டி என்பதற்காக அல்ல.

இதில் வாடிக்கையாளர்கள் மீதும் பிழை இருக்கிறது என்பதை நான் மறைக்க மாட்டேன். சாமான் மாற்றினேன் என்றால் காசு தருவார்கள். "தூசு துடைத்தேன், ஐந்நூறு ரூபாய்" என்றால், "தூசு துடைக்க ஐந்நூறா?" என்று சண்டைக்கு வருவார்கள். எங்கே துடைக்க வேண்டும் என்று கண்டுபிடிக்கும் அறிவுக்கு விலை இல்லை என்பது நம் எண்ணம். இப்படி நெருக்கித்தான் பல பாஸ்மாரைப் பொய் சொல்லப் பழக்கியிருக்கிறோம். வேலையை முழுதாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காளியாக நிற்பதாக அல்லாஹ் கூறுவது ஹதீஸ் குத்ஸியில் வருகிறது. வாசிக்கிற எல்லாச் சகோதரிகளுக்கும் இது பொருந்தும். தையல் அக்காவுக்கும், தண்ணீர்க் குழாய் பொருத்த வந்தவருக்கும் மிச்சம் வைத்திருக்கிற காசைக் கொடுத்து விடுங்கள்.

பாஸ் செய்ய வேண்டியது இதுதான். "வேலைக் கூலி இவ்வளவு, சாமான் காசு இவ்வளவு" என்று பிரித்துச் சொல்லட்டும். கழற்றிய பழைய சாமானைக் கடதாசியில் சுற்றி அவர் கையிலேயே கொடுக்கட்டும். பழைய செட்டிலிருந்து எடுத்ததைப் போட்டால் பழையது என்று சொல்லட்டும். மேலே காய்ந்த தானியத்தைக் காட்டி உள்ளே ஈரத்தை மறைத்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கை விட்டுப் பார்த்துக் கண்டித்த சம்பவம் இதற்குப் போதுமானது.

வேலையின் தரமும் இதில் சேரும். கரண்டில் ஓடும் செட்டில் "ஊம்" என்று இரைச்சல் வந்தால், பெரும்பாலும் மின்சாரத்தை வடிகட்டும் பெரிய கண்டென்சர் காய்ந்திருக்கும். அதற்குரிய வோல்ட் அளவைவிடக் குறைந்த ஒன்றை, கையில் இருந்தது, மலிவு என்று போட்டாலும் செட் இன்றைக்குப் பேசும். காசை வாங்கி அனுப்பி விடலாம். சில கிழமைகளில் அது வெடிக்கும். ஃபியூஸ் எரிந்த இடத்தில் ஃபியூஸ் போடாமல் செப்புக் கம்பியை முறுக்கிக் கொடுப்பது இன்னும் மோசம். ஒரு வீட்டைத் தீக்கு ஒப்படைப்பது போன்றது. தாவூத் (அலை) அவர்களுக்கு இரும்பை மென்மையாக்கிக் கொடுத்த அல்லாஹ், போர்க் கவசத்தின் வளையங்களை அளவோடு கோக்கும்படி கட்டளையிட்டதை சூரா ஸபஃவின் 11ஆம் வசனத்தில் காண்கிறோம். ஒரு வளையம் எவ்வளவு தடிப்பு இருக்க வேண்டும் என்பது வரை குர்ஆன் கவனித்திருக்கிறது, பாருங்கள்.

கூலியை முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். "பார்த்து எடுங்கள்", "பிறகு பார்ப்போம்" என்று கொடுத்து வாங்குவது நம் ஊர்ப் பழக்கம். இமாம் நவவி (ரஹ்) அவர்கள் மின்ஹாஜில் எடுத்துச் சொல்கிற மஸ்அலா ஒன்றைக் கேட்டால் பல பாஸ்மார் அதிர்ந்து போவார்கள். கூலியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் ஒருவர் தையல்காரரிடம் துணியைக் கொடுத்து, அவரும் தைத்து விட்டால், மத்ஹபின் வலுவான சொல்லின்படி அவருக்குக் கூலியே இல்லை. கூலிக்கு அந்த வேலை செய்பவர் என்று அறியப்பட்டவராயின் கூலி உண்டு என்ற சொல்லும் இருக்கிறது. அது நல்லதாகக் கருதப்படுவதாகவும் அதே இடத்தில் வருகிறது. எதற்கு இந்தச் சிக்கல்? திறந்து பார்ப்பதற்கு இவ்வளவு, திருத்தினால் இவ்வளவு, திருத்த முடியாவிட்டால் இவ்வளவு என்று மூன்று வரி எழுதி மேசைக்கு மேலே ஒட்டி விட்டால் தீர்ந்தது.

இனி இரண்டாவது கேள்வி.

திருத்த வந்த செட் பாஸின் கையில் அமானிதம். அமானிதங்களை அவற்றுக்குரியவர்களிடம் சேர்ப்பிக்குமாறு சூரா அந்நிஸாவின் 58ஆம் வசனம் கட்டளையிடுகிறது. எத்தனை வருடம் போனால் அமானிதம் நம்முடையதாகும் என்று எங்கும் ஒரு கணக்கு இல்லை. "ஒரு வருடம் அறிவித்தால் போதும் என்று ஹதீஸ் இருக்கிறதே" என்று உங்கள் கணவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது வழியில் கண்டெடுத்த பொருளைப் பற்றியது. இது கண்டெடுத்ததல்ல, ஒருவர் தம் கையால் உங்கள் கணவரின் கையில் தந்தது. இரண்டும் ஒன்றாகாது.

குகைக்குள் அடைபட்ட மூவரின் ஹதீஸ் எல்லோருக்கும் தெரியும். அதில் மூன்றாமவர் செய்தது என்ன? கூலியாள் ஒருவன் தன் கூலித் தானியத்தை எடுக்காமல் போய்விட்டான். இவர் அதை விதைத்துப் பெருக்கினார். பல காலம் கழித்து அவன் வந்து, "என் கூலியைக் கொடு" என்று கேட்டபோது, மேய்ந்து கொண்டிருந்த மாடுகளையும் மேய்ப்பனையும் காட்டி, எடுத்துப் போ என்றார். அவன் கேலி என்று நினைத்தான். ஒன்றையும் மிச்சம் வைக்காமல் ஓட்டிப் போனான். அந்த அமலைச் சொல்லித்தான் அவர் பாறை விலகக் கேட்டார். மறந்து போனவனின் சொத்தைப் பேணுவது எவ்வளவு பெரிய அமல் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? உங்கள் வீட்டு அலுமாரியில் அப்படி முப்பது சந்தர்ப்பங்கள் கிடக்கின்றன, சகோதரி.

அதற்காக உங்கள் வீட்டை என்றென்றைக்கும் களஞ்சியமாக வைத்திருக்கச் சொல்லவில்லை. ஒரு நாள் உட்கார்ந்து, ஒவ்வொன்றும் யாருடையது என்று நினைவிருக்கும் மட்டும் எழுதுங்கள். தெரிந்தவர்களுக்கு ஆள் அனுப்புங்கள், தொலைபேசி எடுங்கள். உரியவர் மௌத்தாகியிருந்தால் வாரிசுகளைத் தேடுங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு எத்தனையோ குடும்பங்கள் இடம்மாறிப் போன கரை உங்களுடையது. "வரவில்லை" என்றால் "வேண்டாம்" என்று அர்த்தமில்லை. பள்ளிவாசல் அறிவித்தல் பலகையில் ஒரு கடதாசி ஒட்டுங்கள். பிற மதத்துச் சகோதரர்களின் செட்டுகளும் இருக்கும். சந்தியிலுள்ள கடைகளிலும் ஒட்டுங்கள். அமானிதத்தில் முஸ்லிம், முஸ்லிமல்லாதவர் என்ற வேறுபாடு கிடையாது. நேரில் கேட்கும்போது பலர், "எங்களுக்கு வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்றுதான் சொல்வார்கள். அப்படிச் சொன்னது உங்களுடையதாகி விடும், விற்கலாம். அதனால் முப்பதில் பாதியாவது ஒரு கிழமைக்குள் தீரும் என்பது என் எண்ணம்.

உரியவரைக் கண்டுபிடிக்க முடியாது என்று உண்மையாகவே நம்பிக்கை அற்றுப் போனவற்றை, ஊர் ஆலிம் ஒருவரையும் பள்ளி நிர்வாகத்தில் இருவரையும் சாட்சி வைத்து விற்று, அந்தப் பணத்தை உரியவரின் பேரில் ஸதகாவாகக் கொடுக்கலாம். பின்னொரு நாள் அவர் வந்து கேட்டால் பெறுமதியைக் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால் விலையை எழுதி வையுங்கள். அந்தக் காசு நிக்காஹ் செலவுக்கு வராது. கசப்பான பதில்தான். ஆனால் மகளுடைய புது வாழ்க்கையை யாரோ ஒருவரின் செட்டை விற்ற காசில் தொடங்கி வைக்க உங்களுக்கே மனம் வராது என்பதால்தானே எழுதிக் கேட்டிருக்கிறீர்கள்?

திருத்தி முடித்த செட்டுகளுக்குக் கூலி வரவேண்டியது உண்மை. கூலி தரும்வரை செட்டைக் கொடுக்காமல் நிறுத்தி வைக்க ஃபுகஹாக்களில் பலர் இடம் தருகிறார்கள். நிறுத்தி வைப்பது வேறு, விற்று எடுப்பது வேறு. அதற்கு நிபந்தனைகள் உண்டு. தானாகத் தீர்மானிக்காமல் ஊர் ஆலிமிடம் ஒவ்வொன்றாகக் காட்டிக் கேளுங்கள்.

மருமகன் கழற்றிய சாமான்களுக்கு, அதே தரத்தில் ஒன்றை வாங்கித் திரும்பப் பூட்ட வேண்டும், அல்லது பெறுமதியை உரியவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். சின்ன கண்டென்சர்தானே என்று விட முடியாது. பொடியனைத் திட்டி விரட்டி விடாதீர்கள். தொழிலில் கெட்டிக்காரன் என்று எழுதியிருக்கிறீர்கள். மாமாவிடம் பழகியதற்குக் கடதாசி இல்லை என்று கவலைப்பட வேண்டாம். அனுபவத்தால் கற்றவர்களையும் சோதித்து என்.வி.கியூ. சான்றிதழ் கொடுக்கும் வழி நம் நாட்டில் இருக்கிறது. அருகிலுள்ள தொழிற்பயிற்சி நிலையத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள்.

ஒரு செட் கடையில் களவு போனாலோ எரிந்தாலோ பாஸ் ஈடு கொடுக்க வேண்டுமா என்றும் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். கவலையீனம் இல்லாமல் நடந்திருந்தால் ஈடு இல்லை என்பதே நம் மத்ஹபில் மேலோங்கிய சொல். ஹனஃபி மத்ஹபில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் மாணவர்களான அபூயூஸுஃபும் முஹம்மதும், தவிர்க்கவே முடியாத விபத்து தவிர மற்றதற்கு ஈடு உண்டு என்றார்கள். இதில் எனக்குப் பிடித்தது மாணவர் றபீஃ சொல்லும் ஒரு செய்தி. கைத்தொழிலாளிக்கு ஈடு இல்லை என்பதுதான் இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்களின் கருத்தாம். ஆனால் கெட்ட தொழிலாளிகள் அதைச் சாட்டாகப் பிடித்துக் கொள்வார்கள் என்ற பயத்தில் வெளிப்படையாகச் சொல்லாமல் இருந்தார்களாம்! ஆயிரத்து இருநூறு வருடங்களுக்கு முன்பே பாஸ்மாரைப் பற்றி நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். கூரை ஒழுகுகிற இடத்தில் செட்டை வைத்தது, கதவைப் பூட்டாமல் போனது, இடி மின்னல் நேரத்தில் பிளக்கில் விட்டது, இவையெல்லாம் கவலையீனம், ஈடு உண்டு.

மூன்றாவது கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. ஹிஜாபோடு, வாசற்படியில், தேவையான பேச்சோடு வாங்கி வைப்பதில் குற்றமில்லை. பெரிய மகனோ உம்மாவோ பக்கத்தில் நின்றால் இன்னும் நல்லது. ஆனால் வாங்குகிற ஒவ்வொன்றையும் எழுதுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதச் சொல்லும் வசனம் குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம். ஒரு கொப்பியில் திகதி, பெயர், தொலைபேசி எண், செட்டின் அடையாளம், என்ன குறை என்று சொன்னார், பேசிய கூலி. அதே விபரத்தோடு ஒரு துண்டை அவருக்கும் கொடுங்கள். துண்டின் அடியில், "திருத்தி முடிந்ததாக அறிவித்து ஆறு மாதங்களுக்குள் எடுக்காவிட்டால், செட்டை விற்றுக் கூலியைக் கழித்து மிகுதியை எனக்குத் தர இத்தால் சம்மதிக்கிறேன்" என்று எழுதி அவரிடம் கையொப்பம் வாங்கி விட்டால், இனி வரும் செட்டுகள் கட்டிலுக்குக் கீழே போகாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லி விடுகிறேன். அந்த மேசை வீட்டு முன்னறையில் இருப்பதால் சொல்கிறேன். ஈயம் ஒட்டும் கம்பியில் ஈயம் கலந்திருந்தால், அதைத் தொட்ட கையோடு சோறு பிசையக் கூடாது. பிள்ளையைத் தூக்கவும் கூடாது. ஈயம் உடம்பில் சேர்ந்தால் சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைத்தான் முதலில் தாக்கும். மேசைக்கடியில் விழும் துளிகளைத் தும்புத்தடியால் கூட்டாமல் ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். கணவர் எழும்பியதும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவட்டும். அவர் வேலைக்கு உடுத்தும் சாரத்தையும் சேர்ட்டையும் பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்துக் கழுவாமல் வேறாகக் கழுவுங்கள்.